பைல் எண் 17

வள்ளியாற்றின் மேல் இன்னும் எழும்பாத பாலத்துக்கு
நான்தான் கணக்கு.
எத்தனை இடி, எத்தனை மீட்டர், எப்போது பாறை,
எல்லாம் பேரேட்டில் இருக்கிறது.
பதினேழாவது பைல்
இருபத்திரண்டு மீட்டரில் பாறை தொட்டது,
செவ்வாய்க்கிழமை, மழைக்குச் சற்று முன்.

வெள்ளிக்கிழமை தக்கலையிலிருந்து தபால்:
'பைல் எண் 17 காணவில்லை.
தங்கள் வசமிருப்பின்
உடன் நேரில் கொண்டுவரவும்.'

ஆற்றைப் போய்ப் பார்த்தேன்.
நின்றுகொண்டுதான் இருந்தது.
தலையில் ஒரு நீர்க்காகம்
சிறகு காயவைத்துக்கொண்டிருந்தது.

எஞ்சினியர் சிரிக்கவில்லை.
'அது கோப்பு, பிள்ளே.
ஆய்தம் போடச் சோம்பல் அவனுக்கு.'
மூன்றே மூன்று புள்ளி.
அதை வைக்காததால்
காகிதம் கான்கிரீட் ஆகி
ஆற்றுக்குள் இறங்கிவிட்டது.

யாருடைய கோப்பு என்று எனக்குத் தெரியும்.
கரையோரம் சொர்ணபாயின் வீட்டில்
அடுக்களைச் சுவர் வெடித்திருக்கிறது.
நாங்கள் அடிக்கும் ஒவ்வொரு பைலுக்கும்
வெடிப்பின் நுனியில் பென்சிலால் ஒரு கோடு,
பக்கத்தில் தேதி.
என் பேரேட்டில் அடித்தல் திருத்தல் உண்டு,
அந்தச் சுவரில் இல்லை.
'நீங்க அடிக்குத அடி
எனக்க நெஞ்சிலல்லா விழுது' என்பார்,
என்றுவிட்டுக் கட்டன்சாயா தருவார்.
மனுவோடு வீட்டின் மூலப்பத்திரத்தையே
வைத்துக் கொடுத்துவிட்டார்.
நகல் எடுக்கப் போன அன்று கரண்ட் இல்லையாம்.

பேருந்தில் எனக்கு முன்சீட்டின் முதுகில்
'பைல்ஸா? கத்தியின்றி, ஒரே நாளில்'
என்றொரு நோட்டீஸ்,
கீழே கொட்டை எழுத்தில் மூலம்.
இடம் காலியிருந்தும் ஒருவர்
மணவாளக்குறிச்சியிலிருந்து நின்றே வந்தார்,
தொலைபேசி எண்ணைப் பாராததுபோல் பார்த்தபடி.
எனக்கு அவர்மேல் ஒரு பிரியம் வந்தது.
என் பையிலும் ஒரு மூலம் இருந்தது:
நட்சத்திரம், நாலாம் பாதம்.
போகிற வழியில் தரகரிடம் கொடுக்கச் சொல்லி
அம்மா மடித்து வைத்த ஜாதகம்.
இதுவரை ஒன்பது வீட்டார்
அந்த ஒரு சொல்லில் எழுந்து போயிருக்கிறார்கள்,
இரண்டு வீட்டார் பஜ்ஜியைத் தின்று முடித்துவிட்டு.

அலுவலகத்தில் கோப்புகள்
அட்டியட்டியாய் ஜன்னலை மறைத்திருந்தன.
'பதினாறு இருக்கு, பதினெட்டு இருக்கு'
என்றார் சுதர்சனதாஸ்.
'பதினேழை நீங்கதான் கொண்டுவரணும்.'
இருபத்திரண்டு மீட்டர், சார், என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
பேனா உருண்டு விழுந்தது.
எடுக்கக் குனிந்தேன்.

மேசையின் நான்கு கால்களில்
ஒன்று குட்டை.
அதன் அடியில் மடித்துச் செருகி,
சிவப்பு நாடாவோடு,
மூன்று மழைக்காலத்தின் தூசியோடு,
பைலாகவே நின்றுகொண்டிருந்தது
பைல் எண் 17.
அந்த அலுவலகத்தில்
வேலை செய்துகொண்டிருந்த ஒரே கோப்பு.

உருவினேன்.
மேசை சாய்ந்தது, முத்திரைகள் சரிந்தன,
தேநீர் கவிழ்ந்தது, சுதர்சனதாஸ் அலறினார்.
மனு ஈரம் படாமல் இருந்தது.
பத்திரத்தில் காலின் அச்சு
வட்டமாகப் பதிந்திருந்தது,
சர்க்காரின் இன்னொரு சீல் போல.

பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.
தாங்குவதற்கு ஏதாவது வேண்டும்,
எனக்குத் தெரிந்த தொழில் அதுதானே.
பையிலிருந்து ஜாதகத்தை எடுத்தேன்.
எட்டாய் மடித்தேன்.
பாறை தொடும்வரை செருகினேன்.

மேசை ஆடவில்லை.
'முக்கியமான காகிதமோ?' என்றார்.
'நகல்தான், சார்.
மூலம் நான்.'

திரும்பும் பேருந்தில் மடியில் பத்திரம்.
தரகர் வீட்டு நிறுத்தத்தில்
கண்டக்டர் விசில் ஊதினார்,
யாரும் இறங்கவில்லை.
நாளை காலை பதினெட்டாவது.
சொர்ணபாயிடம் சொல்ல வேண்டும்,
பென்சிலைச் சீவி வைக்கச் சொல்லி.